விழிப்பும் சூழலும்

தை பிறக்கும் காலத்தில் வன்னி மண்ணிலே காலபோக நெல் கதிர் முற்றித் தலை சாய்த்து நிற்கும். முள்ளியவளையைச் சூழ்ந்த வயல்களுக்கு அப்பால் இருண்ட காடு. பொழுது சாய்ந்ததும் உழவர் பரணை நோக்கி நடக்கின்றனர். பகலெல்லாம் பாடுபட்ட உடம்பு. இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய கண். பன்றிக் கூட்டம் ஒருமுறை புகுந்தாலே வயல் பாழாகும். யானை புகுந்தாலோ பயிருக்கு மட்டுமன்றி உயிருக்கும் ஆபத்து. ஆகவே, அந்த இரவில் உறக்கம் என்பது உழவருக்குப் பகையாகவே வந்து நிற்கிறது.

பரணில் இருப்பவர் சும்மா இருப்பதில்லை. கீழே தீ மூட்டி வைக்கிறார். இடையிடையே தகரத்தைத் தட்டுகிறார். வாய்க்கு வந்த பாட்டொன்றைப் பாடுகிறார். அயல் பரணில் இருப்பவரைக் கூவி அழைக்கிறார். அங்கிருந்து மறுகூவல் வருகிறது. சிறிது நேரங் கழித்து மீண்டும் ஒரு கூவல். இவையெல்லாம் விலங்குகளை விரட்டும் உபாயங்கள் என்றே பொதுவாக எண்ணப்படுகின்றன. அது பாதி உண்மை. மற்றைப் பாதி யாதெனில், இவை காவலாளியையே காக்கும் உபாயங்கள். ஒளியும் ஒலியும் மறுமொழியும் இல்லாத இருளில், எத்துணை மனத்திட்பம் உடையவராயினும், மனிதர் நெடுநேரம் விழிப்பாய் இருத்தல் அரிது.

சங்க காலத்துத் தினைப்புனக் காவலிலும் தட்டை, குளிர், தழல் என்னும் ஒலிக்கருவிகள் இருந்தன என்பதை இலக்கியம் பயின்றோர் அறிவர். அவை கிளிகளை ஓட்டின. வெயிலேறிய வேளையில் காத்திருந்தவரின் கண்ணயர்வையும் அவையே ஓட்டியிருக்கும் எனக் கருதுதல் தவறாகாது.

விழிப்பு என்பது ஒருவரின் குணம் என்றும், சோர்வு என்பது அவரது குற்றம் என்றும் சொல்வது உலக வழக்கு. வள்ளுவர் பொச்சாவாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மறதியும் சோர்வும் கேடு தரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்தச் சோர்வு எங்கிருந்து பிறக்கிறது என்னும் கேள்விக்கு அறிவியல் தரும் விடை சற்று வேறானது. ஒளி, ஒலி, வெப்பம், தனிமை, துணை ஆகிய இவையெல்லாம் ஒருவர் எவ்வளவு விரைவாக உணர்கிறார், எவ்வளவு விரைவாகச் செயற்படுகிறார் என்பதைத் தீர்மானிப்பதிலே பெரும்பங்கு கொள்கின்றன.

இந்த உண்மை அறியப்படாத காலத்தில் ஒருவருக்கு நேர்ந்த அநீதி குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் கிறீனிச் வானாய்வு நிலையத்தில் கின்னெபுரூக் என்னும் இளைஞர் உதவியாளராய் இருந்தார். விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் கோட்டைக் கடக்கும் கணத்தை, கடிகாரத்தின் ஒலியைச் செவியாற் கேட்டவாறே கண்ணாற் பார்த்துக் குறிப்பது அவர் வேலை. அவர் குறித்த நேரம் தலைமை வானியலாளர் மஸ்கலின் குறித்த நேரத்துக்கு ஏறத்தாழ 0.8 செக்கன் பிந்தியிருந்தது. எச்சரித்தும் பிழை திருந்தவில்லை. 1796 ஆம் ஆண்டில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பல ஆண்டுகளின் பின் பெசல் என்னும் ஜெர்மானிய வானியலாளர் இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, வேறு வேறு வானியலாளர் குறித்த நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். இருவர் குறித்தவை ஒருபோதும் முற்றாக ஒத்திருக்கவில்லை. பிழையென்று தண்டிக்கப்பட்டது மனித இயல்பே என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

தூண்டல் ஒன்று புலனைத் தாக்கும் கணத்துக்கும், அதற்கு உடல் துலங்கும் கணத்துக்கும் இடைப்பட்ட காலமே துலங்கல் நேரம் எனப்படுகிறது. எண்ணம் மின்னலினும் விரைந்தது என்றே முன்னையோர் நம்பியிருந்தனர். 1850 ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அறிஞர் தவளையின் நரம்பிலே செய்தி செல்லும் வேகத்தை அளந்து பார்த்தார். அது செக்கனுக்குச் சுமார் 27 மீற்றர் மட்டுமே. 1868 இல் ஒல்லாந்து நாட்டு டொண்டர்ஸ் இன்னொன்றைக் காட்டினார். ஒரே தூண்டலுக்கு ஒரே செயல் என்றால் துலங்கல் விரைவாக வரும். பலவற்றுள் ஒன்றைத் தெரிந்து செயற்பட வேண்டுமாயின் தாமதம் கூடும். மூளை ஆராய்ந்து முடிவெடுப்பதற்கும் காலம் வேண்டும் அன்றோ?

இதனை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஓர் அடிமட்டத்தை ஒருவர் செங்குத்தாகப் பிடித்திருக்க, மற்றவர் அதன் கீழ் நுனியில், பூச்சியம் என்னும் குறிக்கு நேரே, விரல்களைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும். முன்னறிவிப்பின்றி அடிமட்டம் விடப்படும்போது அதைப் பற்ற வேண்டும். 20 சென்ரிமீற்றரில் பற்றினால் துலங்கல் நேரம் ஏறத்தாழ 0.2 செக்கன், 30 சென்ரிமீற்றரில் பற்றினால் 0.25 செக்கன். காலையில் ஒருமுறை, நண்பகல் உணவின் பின் ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை, அருகில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை எனப் பலமுறை செய்து பார்க்கும் மாணவர், சூழலின் ஆட்சியைத் தம் விரல்களிலேயே காண்பர்.

ஐம்புலன்களுள் செவி கண்ணினும் முந்துகிறது. ஒலிக்குத் துலங்க ஏறத்தாழ 0.15 செக்கனும், ஒளிக்குத் துலங்க 0.2 செக்கனளவும் ஆகும். விழித்திரையில் ஒளி ஓர் இரசாயன மாற்றத்தை நிகழ்த்திய பின்னரே நரம்பு செய்தியை ஏற்கிறது. செவியிலோ மெல்லிய மயிர்க்கலங்கள் அசைந்த மாத்திரத்தில் செய்தி புறப்படுகிறது. அன்றியும், ஒலி வலிதாக இருந்தால் துலங்கலும் விரைவாகிறது; மங்கிய ஒளிக்கு மந்தமாகவே துலங்குகிறோம்.

முள்ளியவளை வித்தியானந்தக் கல்லூரி முதலிய நம் பாடசாலைகளில் ஆண்டுதோறும் நடைபெறும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளை எண்ணிப் பார்க்கலாம். நூறு மீற்றர் ஓட்டத்தில் வெடியோசை கேட்டதும் பிள்ளைகள் பாய்கின்றனர். வெடி வைப்பவருக்கு அருகில் நிற்கும் பிள்ளைக்கும் தொலைவில் நிற்கும் பிள்ளைக்கும் ஒலி ஒரே வலிமையுடன் சேர்வதில்லை. 2004 ஆம் ஆண்டின் ஏதென்ஸ் ஒலிம்பிக் ஓட்டங்களின் பதிவுகளை ஆராய்ந்தோர், ஓட்டத்தைத் தொடக்கி வைப்பவருக்கு மிக அண்மையிலிருந்த தடத்தினர் ஏனையோரினும் விரைவாகத் துலங்கியமையைக் கண்டனர். வெற்றியும் தோல்வியும் செக்கனின் நூறிலொரு பங்கில் நிச்சயிக்கப்படும் இடத்தில் இது சிறு செய்தியன்று. வெடி வைப்பவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்னால், நடுவே நின்றால் இந்த வேறுபாடு பெரிதும் குறையும்.

இது கணநேர விழிப்பு. நெடுநேர விழிப்பு இதனினும் கடினமானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படையின் றேடார்த் திரையைப் பார்த்திருந்தோர், பகைக் கப்பலின் அறிகுறியைச் சிலவேளைகளில் தவற விட்டனர். மக்வேத் என்னும் உளவியலாளர் இதை ஆராய முற்பட்டார். எழுத்துகளற்ற ஒரு கடிகார முகத்திலே ஒற்றை முள் செக்கனுக்கு ஒருமுறை சிறிது நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டிப்பாகத் தாவும். அத்தாவலைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனை அது. முதல் அரை மணி நேரத்திலேயே தவறுகள் மிகத் தொடங்கின. அவர் 1948 இல் வெளியிட்ட இம்முடிவு, காவல் வேலையின் இயல்பு பற்றிய அறிவுக்கு அடிப்படையாயிற்று. இடையிடையே ஓய்வோ, ஒரு சிறு செய்தியோ கிடைத்தபோது விழிப்பு மீண்டமையையும் அவர் கண்டார்.

பரணிலிருந்து எழும் கூவலின் பொருள் இங்கே விளங்குகிறது. அயல் பரணின் மறுகூவல், அரை மணிக்கு ஒருமுறை மங்கத் தொடங்கும் மனத்தைத் தட்டி எழுப்பும் செய்தியாகும். இருவர் முறை வைத்துக் காவல் இருத்தலும் அதே அறிவின் பயனே. வன்னி உழவர் மக்வேத்தைப் படித்தவர்கள் அல்லர். நெற்கதிரை இழந்து கற்றவர்கள்.

மாற்றமில்லாத எதுவும் புலன்களை உறங்கச் செய்கிறது. காட்டுப் பூச்சிகளின் இரைச்சல் இரவெல்லாம் ஒலித்துக்கொண்டிருக்கும்; சிறிது நேரத்தில் அது செவியில் விழாதது போலாகிவிடும். அவ்விரைச்சல் திடீரென நின்றாலோ தலை நிமிர்கிறது. இதனையே பவ்லொவ் என்னும் உருசிய அறிஞர் ‘இது என்ன?’ என்னும் அனிச்சைச் செயல் என்றார். உறக்கத்திலும் செவி முற்றாக அடைபடுவதில்லை. பல பெயர்களை வாசித்துக் காட்டியபோது, உறங்குபவரின் மூளை தன் பெயருக்கே கூடுதலாகத் துலங்கியமை 1960 இல் வெளியான ஓர் ஆய்விலே காட்டப்பட்டது. இடியோசைக்கு எழாத தாய் குழந்தையின் முனகலுக்கு எழுவதும் இவ்வாறே. மூக்குக்கு இந்த ஆற்றல் இல்லை. உறங்குபவரைப் புகையின் மணம் எழுப்பும் என்று நம்பியிருத்தல் ஆபத்தானது.

முள்ளியவளையின் கோவலன் கூத்து இவ்வுண்மைக்கு இன்பமான சான்று. இரவு தொடங்கும் கூத்து விடியும்வரை நீள்கிறது. பகலில் வயலில் நின்றவரே இரவில் களரியைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். தனியே ஓரறையில் இருத்தினால் ஒரு மணி நேரத்தில் உறங்கிவிடக் கூடியவர், இங்கே கண்ணகியின் வழக்குரையைக் கேட்கக் காத்திருக்கிறார். மத்தளத்தின் தாளம் மாறுகிறது, புதிய பாத்திரம் வரவு பாடி நுழைகிறது, மெட்டு மாறுகிறது, அருகில் இருப்பவர் பெருமூச்செறிகிறார். ஒரே நிலை நீடிக்க அண்ணாவியார் விடுவதில்லை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலின்போது பெருந்திரளான மக்கள் இரவு முழுவதும் விழித்திருப்பதற்கும், பக்தியோடு இச்சூழலும் துணை நிற்கிறது.

ஆனால், விழித்திருத்தல் வேறு, விழிப்பாய் இருத்தல் வேறு. கூத்து முடிந்து, பொங்கல் முடிந்து, வீடு திரும்பும் வேளையிலேயே உண்மையான ஆபத்து காத்திருக்கிறது. உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் இயக்கத்தை அணுவணுவாக விளக்கிய மூவருக்கு 2017 இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கடிகாரத்தைத் திருத்தி வைப்பது ஒளி. பார்ப்பதற்கான கலங்களுடன், பகலா இரவா என்று மூளைக்கு அறிவிக்கும் வேறு கலங்களும் விழித்திரையில் உண்டு என்பதை 2002 இல் வெளியான ஆய்வுகள் நிலைநாட்டின. நீல ஒளி அவற்றைப் பெரிதும் தூண்டுகிறது. காலைச் சூரியன் மனத்தைத் தெளிவிப்பதும், இரவில் கைத்தொலைபேசித் திரை உறக்கத்தைக் கெடுப்பதும் ஒரே காரணத்தாலேயே. விடியற்புறம் நான்கு மணியளவில் உடல் வெப்பம் மிகக் குறைந்திருக்கும். துலங்கலும் அப்போது மந்தமாகவே இருக்கும்.

பதினேழு மணி நேரம் உறங்காதவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் செயற்றிறனுக்கு ஒப்பாகிவிடுகிறது என 1997 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் அளந்து காட்டினர். பல நாடுகளில் அந்த அளவு மது அருந்தியவர் வாகனம் ஓட்டுதல் குற்றம். காலை ஐந்து மணிக்கு எழுந்தவர் இரவு பத்து மணிக்கே அந்நிலையை அடைந்துவிடுகிறார். அவர் ஒருதுளி மதுவும் அருந்தாதவராய் இருக்கலாம்.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதி முள்ளியவளையை ஊடறுத்தே செல்கிறது. அவ்வீதியின் காட்டுப் பகுதியில் நள்ளிரவு கடந்து மோட்டார் சைக்கிளில் வருபவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நேரான வீதி, இருபுறமும் ஒரே இருள், எஞ்சினின் ஒரே இரைச்சல், முகத்தில் ஒரே காற்று. மக்வேத்தின் கடிகார முகத்துக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர் செல்கிறது. எதிர்பாராத ஒன்றைக் கண்டு, அது யாதென அறிந்து, தடையை அழுத்த ஒன்றரைச் செக்கன் ஆகுமென்றால், வண்டி வேகம் சிறிதும் குறையாமலே 25 மீற்றர் ஓடிவிடும். சோர்வினால் இன்னும் அரைச் செக்கன் பிந்தினால் மேலும் எட்டு மீற்றர். வீதியைக் கடக்கும் யானை கரிய நிறத்தது. வண்டியின் விளக்கொளியைத் திருப்பி வீசுவதில்லை. அந்த எட்டு மீற்றரிலே ஒரு குடும்பத்தின் வாழ்வு அடங்கியிருக்கலாம். ஓட்டுபவர் கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டும் வந்தால், கண் வீதியில் இருந்தாலும் மனம் வேறிடத்தில் இருக்கும்.

வன்னியில் விழிப்பு உயிரோடு பிணைந்த மற்றொரு தொழிலும் உண்டு. 2009 இல் போர் முடிந்த பின் நிலத்தில் புதைந்து கிடந்த கண்ணிவெடிகளை அகற்றும் பணி முல்லைத்தீவு மாவட்டத்திலும் தொடங்கியது. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. இப்பணியில் இம்மண்ணின் பெண்கள் பலரும் ஈடுபட்டு வந்துள்ளனர். முகக்கவசத்துக்குள் வெயிலின் வெம்மை. செவியில் உலோகம் உணர் கருவியின் ஓசை. ஒவ்வோர் அங்குலமாக நகரும் கை. நூறு முறை ஒலிப்பது ஆணியாகவோ தகரத் துண்டாகவோ இருக்கும். நூற்றோராவது முறை அவ்வாறு இல்லாதிருக்கலாம். நூறு பொய்யொலிக்குப் பழகிய செவி அடுத்ததையும் பொய்யென்றே கொள்ளத் தூண்டப்படும். ஆகவேதான் அப்பணியிலே குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு என்பது கட்டாய விதியாக உள்ளது. அங்கே ஓய்வைச் சோம்பல் என்று எவரும் சொல்வதில்லை.

அங்கே தெளிவாக உணரப்பட்ட இவ்வுண்மை, வகுப்பறையில் ஏனோ மறக்கப்படுகிறது. தகரக் கூரையின் கீழ், பங்குனி சித்திரை வெயிலில், நண்பகல் உணவின் பின் அமர்ந்திருக்கும் பிள்ளை கண்ணயர்ந்தால் ‘தூங்குமூஞ்சி’ என்னும் பட்டம் சூட்டப்படுகிறது. அப்பிள்ளை விடியுமுன் எழுந்து தண்ணீர் அள்ளி வைத்து, நெடுந்தூரம் நடந்து வந்திருக்கலாம்; முதல்நாள் இரவில் தந்தையுடன் பரணில் இருந்திருக்கவும் கூடும். வெப்பம் மிக மிக, கம்பியில்லாத் தந்தியாளரின் பிழைகளும் மிகுகின்றன என்பதை அதே மக்வேத் அளந்து காட்டினார். பயிற்சி பெற்ற வளர்ந்தோர்க்கே இந்த நிலை என்றால் பத்து வயதுப் பிள்ளையின் நிலை என்ன?

இரைச்சலும் அவ்வாறே. நியூயோர்க் நகரில் ஒரு பாடசாலையின் ஒரு பக்கத்தை ஒட்டி மேம்பாலப் புகைவண்டிப் பாதை சென்றது. அப்பக்கத்து வகுப்புகளின் பிள்ளைகள், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தமை 1975 இல் வெளிப்படுத்தப்பட்டது. பின்னர் தண்டவாளத்துக்கு மெத்தை இடப்பட்டது. வகுப்பறைகளில் ஒலி உறிஞ்சும் கூரை அமைக்கப்பட்டது. வேறுபாடு மறைந்தது. பிள்ளைகள் மாறவில்லை, சூழலே மாறியது. தகரக் கூரையில் மாரி மழை கொட்டும்போது ஆசிரியரின் குரல் பின்வரிசைக்கு எட்டாமற் போவதை அறிந்தோர்க்கு, இச்செய்தி தொலைதூரத்துச் செய்தியாகத் தோன்றாது.

அப்படியாயின், ஒலியையும் ஒளியையும் மேன்மேலும் கூட்டினால் விழிப்பும் மேன்மேலும் கூடுமோ? கூடாது. 1908 இல் யேர்க்ஸ், டொட்சன் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு செய்த சோதனை இதற்கு விடை தருகிறது. கடினமான வேலைக்குத் தூண்டல் ஓரளவுவரை உதவும். அதற்கு மேலானால் கெடுக்கும். வீணைத் தந்தி தளர்ந்தாலும் இசை இல்லை; அளவுக்கு மீறி முறுக்கினாலும் இசை இல்லை. பரீட்சைக்காலத்தில் ஊரெங்கும் ஒலிபெருக்கி முழங்குவதும், பிரம்பைக் காட்டி அச்சுறுத்துவதும் பிள்ளையின் மூளையை விழிக்கச் செய்வதில்லை, திகைக்கவே செய்கின்றன.

செய்யத்தக்கவை பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. கடினமான பாடத்தைக் காலையில் வைத்தல். வெப்பம் மிகுந்த வேளையில் வேம்பின் நிழலில் வகுப்பு நடத்துதல். அரை மணிக்கு ஒருமுறை பிள்ளைகளை எழுந்து நிற்கச் செய்து, பாடும் முறையையும் மாற்றிக் கற்பித்தல். இரவு படிப்பைக் குறைத்து விடியற்காலை ஒளியில் படிக்கப் பழக்குதல். திருவிழா முடிந்ததும் உடனே வண்டியில் ஏறாது, கோயில் முன்றிலிலேயே ஓர் உறக்கம் உறங்கிப் பின் புறப்படுதல். அந்தச் சிறு உறக்கம் எந்தத் தேநீரினும் சிறந்த மருந்து.

கின்னெபுரூக்கின் 0.8 செக்கனுக்காக அவரைத் தண்டித்தவர்கள் தீயவர்கள் அல்லர், அறியாதவர்கள். இன்று அந்த அறியாமையைச் சாட்டாகச் சொல்வதற்கில்லை. சோர்ந்த பிள்ளையையோ களைத்த தொழிலாளியையோ கண்டால், அவரது குணத்தைக் குறை கூறுமுன் அவர் இருக்கும் இடத்தின் ஒளியையும் ஒலியையும் வெப்பத்தையும் அவர் உறங்கிய நேரத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் அறிவுடையோர் கடன்.

கிழக்கு வெளுக்கிறது. முள்ளியவளை வயல்களிலே பனி படர்ந்த கதிர்கள் சேதமின்றி நிற்கின்றன. பரணிலிருந்து இறுதிக் கூவல் எழுகிறது. அயல் பரணிலிருந்து மறுகூவல் வருகிறது. இருவரும் விழித்திருந்தனர், ஒருவர் மற்றவரை விழிக்க வைத்தமையால்.